எல்சா துரைசாணி வீட்டுக் கூடம்

சேசு மரி சூசை

திண்டுக்கல்
14-4-1958

அன்பு மாறாத தங்கை ஜெயமேரிக்கு அக்காள் ஆனந்தமேரி எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் நல்லபடியாக இருக்கிறோம். ஊரில் அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. ஆட்டுக்குட்டிகளோடு சண்டை போட்டுக்கொண்டு பொழுதைக் கழிக்கிறாள். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? பிள்ளைகள் பரீட்சை முடித்தார்களா?

இங்கே ஒரு புதினம். நம் வாடகைச் சாமான் கடைக்கு மடக்கு நாற்காலி வேண்டும் என்று உன் அத்தான் கொடைக்கானலுக்கு ஒரு பங்களா ஏலத்துக்குப் புறப்பட்டார். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டை ஏலம் விட்டுக் கப்பலேறுகிறார்கள் அல்லவா, அவருக்கு அதில் நல்ல கொள்முதல். மலையைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்றே என்று நானும் கூடப் போனேன். ஏரியைச் சுற்றி மேட்டில் ஏறினதும் அப்படியே நின்றுவிட்டேன். எல்சா துரைசாணியின் வீடு! நீ பதினாறு வயதிலும் நான் இருபதிலும் வேலை பார்த்த அதே வீடு. துரைசாணி போன மாதமே சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டாளாம். ஏஜெண்டுதான் விற்கிறார்.

கூடத்துச் சாமான்களையெல்லாம் புல்லில் இறக்கிப் போட்டிருந்தார்கள். வெயிலில் அவற்றைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. அந்தக் குழாய் நாற்காலி நினைவிருக்கிறதா? ஒரே எஃகுக் குழாயை வளைத்து, பிரம்பு பின்னி, பின்னங்கால் இல்லாமல் செய்தது. ஏலக்காரர் அதைத் தூக்கிக் காட்டி, "கால் வைக்க மறந்துட்டாங்க, யாருக்கு வேணும்?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் கையைத் தூக்கிவிட்டேன்.

உன் அத்தான் காதோரம் வந்து, "ஏத்தா, இதுல எவன் உக்காருவான்? பந்தியில கவுத்துவிட்டா நம்மளத்தான் அடிப்பாங்க" என்றார்.

"இது வாடகைக்கு இல்ல. எனக்கு" என்றேன்.

எதிர்த்துக் கேட்க ஆளில்லை. உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைகளுக்கு மேலே கட்டிக் கொண்டுவந்தோம். தெருவே வந்து பார்த்துப் போகிறது, ஒருவரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள். நான் மட்டும் சாயங்காலம் உட்கார்ந்து செபமாலை சொல்கிறேன். லேசாக ஆடுகிறது. நம் இரண்டு பேர் காலமும் கூட ஆடுகிறது போலிருக்கிறது.

உன் பதிலை வழிபார்த்திருக்கும்,
ஆனந்தமேரி


சேசு மரி சூசை

தங்கவயல்
9-5-1958

அக்காளுக்கு ஜெயமேரியின் வணக்கம். இங்கே நாங்கள் நால்வரும் சுகம். இவருக்கு இருமல் விட்டபாடில்லை. சுரங்கத்துத் தூசி, டாக்டர் மருந்து தருகிறார். பெரியவன் ஆரோக்கியம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருக்கிறான். சின்னவள் என் உயரம் வந்துவிட்டாள்.

அம்மாவுக்கு முழங்காலில் தடவ இங்கே ஆஸ்பத்திரியில் தந்த தைலம் ஒரு சீசா பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். நீ வாங்கியதாகச் சொல்.

நீ நாற்காலி வாங்கியது தெரிந்து சந்தோஷம். அத்தானுக்கு என் தோத்திரம்.

ஜெயமேரி


சேசு மரி சூசை

திண்டுக்கல்
20-9-1958

தங்கச்சிக்கு அக்காள் பல ஆசீரோடு எழுதுவது. தைலம் கேட்கிறது, அம்மா இப்போது கோயிலுக்கு நடந்தே போகிறாள். ஆரோக்கியம் பாஸான சேதி கேட்டுச் சூசையப்பர் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது என்று உன் அத்தான் சொல்கிறார். சொன்னால் சொல்லட்டும். அன்றைக்கு ஏலத்தில் துரைசாணி வீட்டுச் சாமான்கள் நாலாபுறமும் சிதறிப் போயின அல்லவா? விளக்கையும் கண்ணாடிச் சாடியையும் எடுத்த வத்தலக்குண்டு எஸ்டேட்காரர் இப்போது எஸ்டேட்டையே விற்றுவிட்டார். அந்த ஏலத்துக்குப் போனேன். பால் நிற உருண்டைக் கண்ணாடி போட்ட விளக்கு உடனே கிடைத்தது. சாடிக்குத்தான் போட்டி. தண்ணீரில் கல் விழுந்தால் வட்டம் வட்டமாகப் பரவுமே, அப்படி வரி ஓடின பச்சைச் சாடி. பேகம்பூர் தோல் வியாபாரி முகமது பாரூக் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். "ரெண்டு தரம்" என்றதும் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, அம்புட்டு ஆசையா இது மேல?"

"நானும் என் தங்கச்சியும் தினம் கழுவின சாடிங்க, பாய்."

"அப்ப உங்க சாடிதான். எடுத்துக்கங்க" என்று கையை மடக்கிக்கொண்டார். வெளியே வந்ததும் நன்றி சொன்னேன். "கண்ணாடி எனக்கும் பித்துதாம்மா. வேற எதுவும் கண்ணுல பட்டாச் சொல்லிவிடுறேன்" என்றார்.

நிலக்கோட்டை மல்லிகையை அந்தச் சாடியில் வைத்தேன். எடுப்பாக இல்லை. துரைசாணி மாதிரி ஒரே ஒரு மொட்டைக் கிளையை வைத்தேன், வீடே மாறிப்போயிற்று. முனிசிபல் பள்ளி டிராயிங் வாத்தியார் பொம்மையன் வந்து பார்த்துவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்து அடியிலிருந்த முத்திரையைத் தடவினார். "இதெல்லாம் மொதல்ல படம் போட்டு, யோசிச்சு யோசிச்சு, வேண்டாததக் கழிச்சுச் செஞ்ச சாமான். பூ வேலை, சிங்கமூஞ்சி எதுவும் இல்ல பாருங்க. ஒளிக்க ஒண்ணுமில்லாத சாமான்" என்றார்.

கூடத்தில் பதினொரு சாமான் இருந்ததாக என் கணக்கு. மூன்று வந்துவிட்டது. ஆனால் எது எங்கே இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அடுப்படியில் கிடந்தவள். கூடத்தைத் துடைத்தது நீ. விளக்கு நாற்காலிக்கு எந்தப் பக்கம் நின்றது? எழுது.

உன் எழுத்தைக் காண ஆசையுள்ள,
ஆனந்தமேரி


சேசு மரி சூசை

தங்கவயல்
11-1-1959

அக்காளுக்கு, பாலன் சேசுவின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. பதில் தாமதம். இவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது தேவலை, மேல்தளத்தில் இலேசான வேலை கொடுத்திருக்கிறார்கள்.

விளக்கு நாற்காலிக்கு இடது கைப்பக்கம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. சாடி ஜன்னல் மேடையில், நடுவில் அல்ல, ஓரத்தில். தரையில் சாம்பல் நிறக் கம்பளம், அதில் ஒரு மூலையில் மட்டும் சிவப்புக் கட்டம். எழுதும் மேசை தோட்டத்தைப் பார்த்து.

கண்ணை மூடினால் எல்லாம் இருக்கிறது. நீ சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், எனக்கு அது கலைந்ததே இல்லை. இதற்கு மேல் அந்த வீட்டைப் பற்றி என்னிடம் கேட்காதே அக்கா. நான் அங்கிருந்து எப்படி வந்தேன் என்பது உனக்கு மறந்திருக்கலாம்.

ஜெயமேரி


சேசு மரி சூசை

திண்டுக்கல்
3-3-1959

தங்கை ஜெயமேரிக்கு, மாப்பிள்ளை உடம்பு தேறத் தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி அவருக்காகச் சொல்கிறோம். முட்டையும் ஆட்டுக்கால் சாறும் கொடு. சுணங்காதே.

நீ கேட்காதே என்றதை மதிக்கிறேன். இதை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதும் மேசை கிடைத்துவிட்டது.

மதுரையில் ஒரு ஓட்டல் மூடி ஏலம் என்று பாரூக் பாய் சொல்லியனுப்பினார். போனால், கணக்குப்பிள்ளை மேசையாக மை கொட்டிக் கிடக்கிறது. வெளிர் மரம், கைப்பிடி இல்லாத இழுப்பறை, விரல் நுழைய ஒரு பிறை வெட்டு, எனக்குத் தப்புமா? மதராஸிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், யாரோ மில் முதலாளியின் புது வீட்டுக்காக, இதற்கென்றே வந்திருந்தார். மேசையை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஏலக்காரர் கூவக் கூவ அவர் பென்சிலை மட்டும் அசைப்பார். நானும் விடவில்லை. கடைசியில் அவர் திரும்பி, "அம்மா, இது என்ன சாமான்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?" என்றார்.

"இதோட நாலு இழுப்பறையில எது மழைக்காலத்துல எறங்காதுன்னு சொல்லட்டுமா?" என்றேன். சபை சிரித்தது. அவர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிவிட்டார்.

மூன்றாம் இழுப்பறை இன்னும் அப்படித்தான், பாதியில் நிற்கிறது. தங்கமுத்து ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.

மேசையைக் கூடத்தில் போட்டாயிற்று. ஆனால் அதன் முன்னால் உட்கார எனக்குத் துணிவு வரவில்லை. ஏனென்று நீயும் கேட்க மாட்டாய்.

ஆனந்தமேரி


திண்டுக்கல்
25-5-1959

கொழுந்தியாள் ஜெயமேரிக்கு அத்தான் ஞானராஜ் எழுதிக்கொண்டது. நான் கடிதம் எழுதி நீ பார்த்திருக்கமாட்டாய், பயந்துவிடாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. சகலை சுகத்தை நேரில் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்காளைப் பற்றித்தான். மேசை வந்தவரைக்கும் கல்யாண வீடு மாதிரி இருந்தாள். மார்ச்சு மாதக் கடைசியில் ஆசாரி வந்து மூன்றாம் இழுப்பறையைக் கழற்றினான். நான் கடையில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஆள் வேறு. ஆசாரியைக் கேட்டேன். "பின்னால பலகை இடுக்குல என்னமோ சிக்கியிருந்துச்சு, அக்கா வாங்கிக்கிட்டாக, என்னப் போகச் சொல்லிட்டாக" என்கிறான்.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறாள். எதையோ சொல்லத்தான் போகிறாள், சொல்லாமல் திரும்பி வருகிறாள். போன வாரம், "எல்லாத்தையும் ஏலத்துல போட்டுருங்க, ஒண்ணும் வேண்டாம்" என்றாள். ஒரு வருஷமாக அவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்தவள்.

"ஜெயமேரிக்கு எழுதிட்டியா?" என்று கேட்டேன். அழுதாள். அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன உண்டோ எனக்குத் தெரியாது. நீ கேட்டால் சொல்வாள்.

ஞானராஜ்


தங்கவயல்
2-6-1959

அக்கா,

அத்தான் எழுதியிருந்தார். இழுப்பறைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீ எழுது. உன் கையால் எழுது.

ஜெயமேரி


சேசு மரி சூசை

திண்டுக்கல்
10-6-1959

ஜெயமேரி,

ஊசிதான். எல்சா துரைசாணி சட்டையில் குத்திக்கொள்ளும் வெள்ளி மார்பூசி. வட்டமும் அதைக் கிழித்துப் போகிற ஒரு கோடும். கறுத்துப் போயிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்ததும் அன்றைக்குப் பார்த்த மாதிரியே இருந்தது.

இருபத்து மூன்று வருஷம் அது மேசைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஓட்டல்காரன் கையிலும் கிடந்திருக்கிறது. உன்னைத் திருடி என்று அனுப்பினார்கள், அம்மா உன்னை அடித்தாள், ஊரில் பேச்சு வந்ததும் அவசர அவசரமாகத் தங்கவயலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஊசி அங்கேயே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது துரைசாணி அந்த மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள். "ஆனந்தி, உன் தங்கை எடுத்திருப்பாளா?" என்றாள். எடுக்கமாட்டாள் என்று நான் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், என் சம்பளமும் போய்விடும் என்று பயந்தேன். அதுதான் காரணம் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதிதான். முந்தின நாள் நீ கண்ணாடி முன்னால் நின்று அந்த ஊசியைத் தாவணியில் குத்திப் பார்த்ததை நான் கதவிடுக்கில் கண்டிருந்தேன். நீ எடுத்திருப்பாய் என்று நான் நம்பினேன் ஜெயமேரி. ஆசாரி அதை என் கையில் வைக்கிற நிமிஷம் வரைக்கும் நம்பினேன்.

நீ எடுத்தாய் என்று நினைத்துக்கொண்டேதான் உன்னோடு சிரித்தேன், உன் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து அனுப்பினேன். அந்தக் கூடத்தை எதற்காகச் சேர்த்தேன் என்று நேற்றுவரை எனக்குப் புரியவில்லை. நாம் இருவரும் கடைசியாக ஒரே கூரையின் கீழ் இருந்தது அங்கேதான்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊசியை என்ன செய்ய?

ஆனந்தமேரி


சேசு மரி சூசை

தங்கவயல்
2-12-1959

அக்காளுக்கு,

ஆறு மாதமாக நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ துரைசாணியிடம் சொன்னது எனக்குத் தெரியும். அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அம்மா அடித்தது ஆறிவிட்டது. அந்தத் "தெரியாதும்மா" ஆறவில்லை.

ஊசியைக் குத்திப் பார்த்தது உண்மை. அவ்வளவு அழகான பொருளை அதற்கு முன் நான் தொட்டதில்லை. உனக்கு அவை வெறும் சாமான், எனக்கு அப்படியில்லை. நாற்காலிக் குழாயில் என் முகம் வளைந்து தெரிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அன்றைக்குக் காலடிச் சத்தம் கேட்டு, ஊசியைக் கழற்றி, காகிதம் நிறைந்து கிடந்த இழுப்பறையில் மேலாகப் போட்டு அவசரமாகத் தள்ளினேன். அப்போதுதான் பின்னால் விழுந்திருக்க வேண்டும்.

அக்கா, இதை யாரிடமும் சொன்னதில்லை. வருஷம் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வைத்தேனா, வைத்ததாக நினைத்துக்கொண்டேனா? தாவணியிலேயே இருந்து வழியில் விழுந்ததோ? எல்லாரும் சொன்னால் ஒருவேளை எடுத்திருப்பேனோ? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எத்தனையோ தடவை பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். இவர் ஓடிவந்து, "யாரு செத்தா?" என்றார். "யாரும் சாகல. நான் எடுக்கலையாம்" என்றேன். கல்யாணமான நாள் தொட்டு என்னை ஒரு வார்த்தை கேட்காத மனிதர். "அது எனக்குத் தெரியுமே" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில். ஊசியைத் துரைசாணிக்கு அனுப்பு. ஏஜெண்டிடம் விலாசம் இருக்கும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. அனுப்புகிறவர் என்ற இடத்தில் உன் பெயர் வேண்டாம், என் பெயரைப் போடு. ஜெயமேரி என்று முழுசாக எழுது.

அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். துரைசாணியிடம் நீ சொன்ன பதிலையும் சேர்த்துச் சொல்.

ஜெயமேரி


சேசு மரி சூசை

திண்டுக்கல்
17-1-1960

தங்கை ஜெயமேரிக்கு,

நீ சொன்ன இரண்டும் செய்தேன். பார்சலைப் பொம்மையன் வாத்தியார் இங்கிலீஷில் விலாசம் எழுதிக் கட்டினார். நடந்ததை நாலு வரியில் எழுதி உள்ளே வைத்தோம். பெயர் நீ சொன்னபடி.

மூன்று ராசாக்கள் திருநாளன்று ஊருக்குப் போனேன். அம்மா களத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தபடியே சொன்னேன்.

"அப்ப யாருதான் எடுத்தா?" என்றாள்.

"யாரும் எடுக்கலம்மா. மேசைக்குள்ளயே கெடந்திருக்கு."

"இம்புட்டு வருசமாவா?"

"ஆமா."

"அவள அடிச்சேனே. வேப்பங்குச்சி ஒடியுற மட்டும் அடிச்சேனே. 'இல்லம்மா, இல்லம்மா'ன்னு காலப் புடிச்சா. கேட்டனா?" முறத்தைத் தள்ளிவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். "நீ கூடத்தான் இருந்த. தொரைசாணி உன்னக் கேக்கலையா?"

"கேட்டா. தெரியாதுன்னு சொன்னேன்."

"தெரியாதுன்னா சொன்ன?"

அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பூசை முடிந்து சனங்கள் வெளியே வந்தபோது, கோயில் வாசலில் நின்று, "எம் மக ஜெயமேரி எதையும் எடுக்கல. எல்லாரும் கேட்டுக்கங்க" என்று சொன்னாள். பாதிப் பேருக்கு யார் ஜெயமேரி என்றே தெரியாது. பழைய ஆட்கள் தலை கவிழ்ந்தார்கள். நானும் அவர்களோடு நின்றேன்.

உனக்கு எழுதச் சொல்கிறாள், என்ன எழுதுவது என்று கேட்டால் முறத்தை இழுத்து மொச்சையை உரிக்கிறாள்.

சாமான்களை மே மாதம் ஏலத்துக்குக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். பார்க்கவே கூசுகிறது.

ஆனந்தமேரி


சேசு மரி சூசை

திண்டுக்கல்
28-3-1960

ஜெயமேரி,

சுவிட்சர்லாந்திலிருந்து கவர் வந்திருக்கிறது. என் விலாசம்தான், ஆனால் உன் பெயருக்கு வந்தது. பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை மருந்தை விடாமல் சாப்பிடட்டும்.

ஆனந்தமேரி


சேசு மரி சூசை

தங்கவயல்
22-4-1960

அன்புள்ள அக்காளுக்கு ஜெயமேரி எழுதுவது. உயிர்த்த ஆண்டவர் உங்களுக்கெல்லாம் சுகம் தருவாராக. இவர் இப்போது இருமாமல் தூங்குகிறார்.

ஆரோக்கியம் கவரைப் பிரித்துப் படித்துச் சொன்னான். துரைசாணிக்கு எழுபது தாண்டிவிட்டதாம், கை நடுக்கத்தில் வரிகள் சரிந்து சரிந்து போகின்றன. ஊசியை ஊர்க்காரத் தோழி ஒருத்தி செய்து கொடுத்தாளாம்; தோழி யுத்தத்தில் இறந்துபோனாளாம். "நான் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும், உன்னைத் தவிர எல்லாரையும் கேட்டேன். என்னை மன்னித்துவிடு" என்று எழுதியிருக்கிறாள். இதை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு அவனுக்கும் அவன் தங்கைக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

சாமான்களை ஏலத்தில் போடாதே. நீ ஓடி ஓடிச் சேர்த்தது, நான் மனசுக்குள் வைத்திருந்தது. இன்னொருவன் பென்சிலை அசைத்துக் கொண்டுபோக வேண்டாம். கம்பளம் எங்காவது அகப்படுகிறதா என்று பாரூக் பாயைக் கேட்டுவை. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. நால்வரும் வருகிறோம். திருச்சியில் மாறி, பத்தாம் தேதி காலை வண்டி. அம்மாவைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்து வை. எனக்கு எழுத அவளுக்கு ஒன்றும் வராது, விடு. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

நேற்று உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். எவ்வளவோ எழுதியிருக்கிறாய் அக்கா. ஒளிக்காமல்தான் எழுதியிருக்கிறாய். துரைசாணி எழுதின அந்த ஒரு சொல் மட்டும் உன் கடிதம் எதிலும் இல்லை.

இனி எழுதவேண்டாம். ஸ்டேஷனுக்கு வா. நேரில் சொல்.

உன் தங்கை,
ஜெயமேரி